எல்லா லைட்டையும் போட்டுட்டு அழுத்து: எஸ்தர் அக்காவுக்கு

செய்தி எங்கள் தெருவின் வாட்ஸப் குழுவில் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். "நம்ம பக்கத்து சந்துல கரண்டு அம்மாவுக்கு ஷாக் அடிச்சிடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிருக்காங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒருவர் கைகூப்பும் படம் போட்டிருந்தார். அதற்கும் கீழே இன்னொருவர் கேட்டிருந்தார்: "லைன் ஆஃப் பண்ணி வச்சிருக்காங்களே, எப்ப விடுவாங்க? தறி பாதியில நிக்குது."

பஸ் சுங்குவார்சத்திரம் தாண்டுவதற்குள் அவர் இறந்துவிட்டார் என்ற செய்தியும் வந்துவிட்டது. அதிலும் 'கரண்டு அம்மா'தான். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலும் பக்கத்துச் சந்திலும் பாதி வீடுகளுக்கு மெயின் போர்டு மாற்றிக் கொடுத்தவரின் பெயரை ஒருவர்கூட எழுதவில்லை. வேண்டுமென்றே விட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பெயர் தெரியாது, அவ்வளவுதான். எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான்.

அவர் பெயர் எஸ்தர். திருப்புட்குழி காலனியில் பிறந்தவர், அங்கேயே வாழ்ந்தவர். ஐடிஐ படித்து, வயர்மேன் தேர்வு எழுதி, பிறகு அதற்கு மேலான தேர்வும் எழுதி லைசன்ஸ் வாங்கியவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இதையெல்லாம் அவர் பெருமையாகவும் சொல்ல மாட்டார், அழுதும் சொல்ல மாட்டார். கேட்டால் சொல்வார். கேட்டவர்கள் குறைவு.

அவரை நல்லவர், பொறுமைசாலி, அமைதியானவர் என்றெல்லாம் இங்கே எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எஸ்தர் அக்கா சத்தமாகப் பேசுவார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் கழித்து வருவார். தலையில் கொண்டை போட்டு, அதில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு, லைசன்ஸ் அட்டையைக் கழுத்தில் தாலிக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வந்து இறங்குவார். வேலை பிடிக்கவில்லை என்றால் வாசலிலேயே திரும்பிப் போய்விடுவார்.

எங்கள் வீட்டுக்கு அவர் முதலில் வந்தது அப்பாவின் முழங்காலால். எங்கள் வீட்டில் இரண்டு தறிகள், இரண்டும் குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்ய வேண்டும். தறிக்கு மேலே ஜக்கார்டு என்ற பெட்டி இருக்கும். டிசைனுக்கு ஏற்றபடி இழைகளைத் தூக்கிவிடுவது அதன் வேலை. முன்பெல்லாம் அதைக் காலால் மிதித்துத் தூக்குவார்கள். அப்பாவின் முழங்கால் போன பிறகு அவருடைய தறியின் ஜக்கார்டுக்கு ஒரு மோட்டார் வைத்தோம். அவர் காலையில் நெய்வார், காலையில் தன் தறியில் நெய்யும் அம்மா மத்தியானத்துக்கு மேல் அப்பாவின் தறியில் உட்காருவார். மோட்டார் வந்ததிலிருந்து பியூஸ் போக ஆரம்பித்தது. மிக்சி போட்டால் போகும், பிரிட்ஜ் உறுமினால் போகும்.

வீட்டு மெயின் போர்டு சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. தாத்தா காலத்து மரப்பலகை, வெள்ளைப் பீங்கான் பியூஸ்கள். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அதற்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, பலகையே சாமி மாதிரி ஆகிவிட்டிருந்தது. லோடு கூட்ட வேண்டும், போர்டு மாற்ற வேண்டும், அதற்கு லைசன்ஸ் உள்ளவரின் கையெழுத்து வேண்டும். அடுத்த வீட்டில் இருக்கும் என் பெரியப்பா, வீட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போடும் ஆள் ஒருவர் இருப்பதாகச் சொன்னார். நான் கம்பெனியில் விசாரித்து எஸ்தர் அக்காவின் நம்பரை வாங்கினேன். "பாக்காம போடணும்னா வேற ஆளப் பாருங்க. பாத்துட்டுப் போடணும்னா நாளைக்கு வரேன்" என்றார். ஒரு வாரம் கழித்து வந்தார்.

பெரியப்பாதான் முதலில் வாசலுக்குப் போனார்.

"நீதான் எலக்ட்ரீஷியனா? உன் வூட்டுக்காரரு வரலயா?"

"அவரு ஷேர் ஆட்டோ ஓட்றாரு. உங்களுக்கு ஆட்டோ வேணுமா, கரண்டு வேணுமா?"

"லைசன்ஸ் இருக்குதா?"

எஸ்தர் அக்கா அட்டையைக் கழற்றி அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். "நல்லா பாத்துக்குங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ, கொஞ்சம் ஒல்லியா இருப்பேன்."

"ஊரு?"

"திருப்புட்குழி."

"திருப்புட்குழில எங்க? கோயிலாண்டயா?"

இந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்பது தமிழ்நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

"கோயிலுக்கு இந்தாண்ட இல்ல, அந்தாண்ட. காலனி. இன்னும் இன்னா தெரியணும்?"

பெரியப்பா உள்ளே போய் அப்பாவிடம் கிசுகிசுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா வந்து, அவர் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "போர்டு உள்ள வாணாம்மா. பின்னாடி தோட்டத்துச் சுவத்துல வச்சிடலாம். சந்து வழியா வந்து செய்யறதுக்கு உங்களுக்கும் வசதி."

பின்பக்கச் சுவர் என்பது நாங்கள் குளிக்கும் இடம். ஓடு கிடையாது. மழை நேராகச் சுவரில் விழும். எஸ்தர் அக்கா அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நைனா, நீங்க குளிக்கும்போது போர்டும் சேந்து குளிக்கும், பரவால்லயா? நான் உள்ள வர்றதுதான் பிரச்சனன்னா நேரா சொல்லிடுங்க, நான் கெளம்பறேன். அதுக்காகத் தண்ணி ஊத்துற எடத்துல போர்டு வைக்க மாட்டேன்."

"பழைய போர்ட நாங்களே கழட்டித் தரோம்" என்றார் பெரியப்பா.

"தாராளமா. நான் வாசல்ல நின்னு ஆம்புலன்சுக்குப் போன் போடறேன்."

அம்மா அதுவரை தறியில் உட்கார்ந்து இழை முடிந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "நீ உள்ள வாம்மா. சாமிக்கும் லைட்டு வேணும்ல" என்றார். பெரியப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். புதுப் போர்டைக் கூடத்தில், தறிக்கு எதிர்ச் சுவரில் வைப்பது என்று முடிவானது. பழையதைக் கழற்ற எஸ்தர் அக்கா சாமி அலமாரிப் பக்கம் போனார்.

அம்மா டீ கொண்டுவந்தார். எங்களுக்கு டம்ளரில், அவருக்குப் பேப்பர் கப்பில். எஸ்தர் அக்கா கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீயை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு கழற்றிய ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக அந்தக் கப்பில் போட ஆரம்பித்தார். "எல்லா வூட்லயும் பேப்பர் கப்புலதான்பா குடுக்கறாங்க. நல்லதுதான், ஸ்க்ரூ தொலையறதில்ல" என்றார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

பீங்கான் பியூஸைப் பிடுங்கியதும் எஸ்தர் அக்கா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். பியூஸ் கம்பி தீர்ந்துபோன ஒரு நாளில் அப்பா அதற்குப் பதிலாக ஜரிகை இழைகளை முறுக்கிக் கட்டியிருந்தார். அது வேலை செய்யவே, பிறகு எப்போதும் ஜரிகைதான். உள்ளே இருந்த பட்டு நூல் கருகி, மேலே சுற்றியிருந்த தகடு மட்டும் மினுங்கியது.

"ஏன் நைனா, பொண்ணுக்குக் கட்டறத பியூசுக்குக் கட்டியிருக்கீங்க?"

"கையில இருந்திச்சிமா, கட்டினேன்."

"நல்லவேள, முந்தியும் பார்டரும் போடாம வுட்டீங்க."

அப்பாவும் சிரித்துவிட்டார். அந்த ஒரு நிமிடம் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். பிறகு எஸ்தர் அக்கா அந்தக் கருகிய இழையை முகர்ந்து பார்த்து, அதை அப்பாவின் மூக்கிலும் வைத்து, குரல் மாறிச் சொன்னார்: "இந்த வாசன வூட்டுக்குள்ள எத்தினி வாட்டி வந்திருக்கும்? யாருக்கும் பயமே வரலயா? பயப்படறவங்களுக்குத்தான் நான் வேல செய்வேன், சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலம் அவர் போன பிறகு நடந்ததை எழுதத்தான் வேண்டும். நான் கடைக்குப் போய்விட்டு வந்தபோது சாமி அலமாரிச் சுவர் ஈரமாக இருந்தது. மஞ்சள் தண்ணீர் வாசனை. கழுவியது அம்மா. 'உள்ள வாம்மா' என்று கூப்பிட்ட அதே அம்மா.

"ஏம்மா இப்டிப் பண்ணே?"

"பெரியப்பா சொன்னாருடா. நாளைக்கு வெள்ளிக்கெழம, வெளக்கேத்தணும். எனக்கு எதுக்கு வம்பு?"

மறுநாள் மிச்ச வேலைக்கு வந்த எஸ்தர் அக்கா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"செவுரு ஏன் ஈரமா இருக்குது?"

அவர் கையை முகர்ந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எங்களுக்கும் தெரிந்தது. அவர் சண்டை போடவில்லை. பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு, "ஈரச் செவுத்துல நான் வேல செய்ய மாட்டேன். காஞ்சதும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சுவர் அன்றைக்கே காய்ந்துவிட்டது. பல நாள் நாங்கள் கூப்பிட்டும் அவர் போனை எடுக்கவில்லை. அவர் வராமலே போயிருந்தால் அது நியாயமாகத்தான் இருந்திருக்கும். வந்தார். ஏன் வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "பாதியில வுட்ட போர்டு தப்புப்பா. நீங்க யோக்கியமா இல்லங்கறதுக்கோசரம் உங்களக் கரண்டு அடிச்சிச் சாவ வுட முடியுமா?" என்றார்.

போர்டு முடிந்த நாளில் அவர் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. புதுப் போர்டில் ட்ரிப் சுவிட்ச் ஒன்று வைத்திருந்தார். எங்காவது கரண்ட் கசிந்தால், யாரையாவது தொட்டால், கண்ணிமைக்கும் முன்பே எல்லாவற்றையும் அணைத்துவிடும் சுவிட்ச். அதில் சோதித்துப் பார்க்க ஒரு சின்னப் பொத்தான். எஸ்தர் அக்கா வீடு முழுக்க நடந்து கூடம், அடுப்படி, பாத்ரூம், சாமி பல்பு, இரண்டு தறிக்கும் மேலே தொங்கும் விளக்குகள் என்று எல்லாவற்றையும் போட்டார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"அழுத்துங்கமா. கடிக்காது."

அம்மா புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்ட விரலால் அழுத்தினார். டப் என்று ஒரு சத்தம். வீடு மொத்தமும் அணைந்தது. அம்மா 'ஐயோ' என்று கத்திவிட்டார். எஸ்தர் அக்கா இருட்டில் சிரித்தார்.

"அமாவாசைக்குத் தறி ஓட்ட மாட்டீங்க இல்ல? மாசாமாசம் அன்னிக்கு இத அழுத்தணும். சாமி கும்புடுங்க, கும்புடாம போங்க, அது உங்க இஷ்டம். இத மறக்கக் கூடாது. எல்லா லைட்டையும் போட்டுட்டு அழுத்து. ஒண்ணுகூட எரியக் கூடாது. ஒரு லைட்டு எரிஞ்சாலும் எங்கயோ எவனோ கை வச்சிருக்கான்னு அர்த்தம். உடனே எனக்குப் போன் போடு."

நெசவாளர்களுக்கு அமாவாசை விடுமுறை. யாரும் எந்த அமாவாசையையும் மறக்க மாட்டார்கள். அதைக் கண்டுபிடித்து அதிலேயே தன் வேலையைக் கட்டிவைத்துவிட்டார். எங்கள் தெருவில் அவர் போர்டு மாற்றிய வீடுகளிலெல்லாம் இதுதான் வழக்கம். அமாவாசை காலையில் வீட்டுக்கு வீடு 'டப்' என்று கேட்கும். முதல் சில மாதம் எங்கள் வீட்டில் அம்மா அழுத்தினார். பிறகு அப்பா அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். எனக்கு ஷிப்ட். வீட்டுக்கு வந்து கேட்டால், "அழுத்தியாச்சுடா" என்பார்.

அடுத்த மழைக்காலத்தில் சண்டை வந்தது. மழை பெய்தால் ட்ரிப் விழும். ட்ரிப் விழுந்தால் மோட்டார் நிற்கும். மோட்டார் பாதியில் நின்றால் ஜக்கார்டு தூக்கிப் பிடித்திருக்கும் இழைகள் அப்படியே கீழே விழும், டிசைன் தப்பும். முந்தியில் ஒரு மயிலின் கழுத்து அறுந்தால் பட்டும் ஜரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்யவைக்கும் முதலாளி அந்தப் புடவையைக் கீழே போட்டுவிட்டுப் பேசுவார். கூலியில் பிடிப்பார். அடுத்த புடவைக்கான பாவு நூலைத் தருவதற்கு அலைக்கழிப்பார்.

அப்பா போனில் கத்தியதும் எஸ்தர் அக்கா அன்றைக்கே வந்துவிட்டார். அந்த ஒருமுறைதான் சொன்ன நேரத்துக்கு வந்தார். கூரை ஒழுகி, தறி விளக்கின் வயர் நனைந்திருந்தது. பாவுக்குப் போட்ட கஞ்சி வாசனைக்கு வரும் எலிகள் வயரின் தோலையும் கொறித்திருந்தன. அந்த வயரை மாற்றினார்.

"இது வுழுந்ததாலதான் நீங்க பொழச்சீங்க நைனா. இத வையறதா?"

"உயிர அது காப்பாத்துது, சரிமா. முந்திய யாரு காப்பாத்தறது?"

எஸ்தர் அக்கா கொண்டையிலிருந்து டெஸ்டரை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "அத நான் காப்பாத்த முடியாது நைனா. உங்க மொதலாளியதான் கேக்கணும்" என்றார். பிறகு ஒரு வழி சொன்னார். தறிக்குத் தனியாக இன்னொரு ட்ரிப் வைத்துவிட்டால், பாத்ரூமில் கசிந்ததற்காகத் தறி நிற்காது. அப்பா, பொங்கல் போகட்டும், பார்க்கலாம் என்றார். வாசலில் ஸ்கூட்டியைக் கிளப்பும்போது எஸ்தர் அக்கா திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "டைரக்ட் மட்டும் குடுத்துடாதீங்க. யாரு சொன்னாலும் கேக்காதீங்க. நான் வந்து தனி ட்ரிப் போட்டுத் தரேன்."

டைரக்ட் என்றால், மீட்டரிலிருந்து போர்டுக்கு வரும் வயரிலேயே ஒட்டுப் போட்டு, போர்டுக்குள் போகாமல் தறியின் மோட்டாருக்கும் விளக்குக்கும் நேராக ஒரு லைன் இழுத்துக்கொள்வது. ட்ரிப் விழுந்தாலும் தறி நிற்காது. மெயினை அணைத்தாலும் நிற்காது. யாரை அடித்தாலும் நிற்காது.

அதே மழைக்காலத்தில்தான் அவர் இறந்தார். அன்று அவர் போனது பக்கத்துச் சந்தில் உள்ள ஒரு வீட்டுக்கு. அங்கும் போர்டு அவர் வைத்ததுதான். தறி இரும்பைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மாவே சாவு வீட்டில் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை எழுதுகிறேன். எஸ்தர் அக்கா உள்ளே நுழைந்ததும் முதலில் கேட்டது, "டைரக்ட் எதுனா போட்டிருக்கீங்களா?" என்றுதான். இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் திட்டுவார் என்ற பயத்தில் சொன்ன பொய். அவர் மெயினை அணைத்தார். போர்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். கரண்ட் இல்லை. டெஸ்டரைப் போர்டின் மேலேயே வைத்துவிட்டு, ஈரம் ஊறிக் கிடந்த தறிக்குழிக்குள் இறங்கி, மோட்டார் வயரைப் பிடித்தார்.

'இத்தனை வருஷம் வேலை செஞ்சவங்க, குழிக்குள்ள இன்னொரு வாட்டி டெஸ்ட் பண்ணியிருக்கணும்' என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். அஜாக்கிரதை என்கிறார்கள். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று என் பெரியப்பா சொன்னார். அவர் போர்டு மட்டும் பார்த்துவிட்டு இறங்கியதற்கு ஒரே காரணம், அது அவர் கையால் செய்த போர்டு. அதை அணைத்தால் அந்த வீட்டில் எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது. அவர் தன் வேலையை நம்பினார். அந்த வீட்டுக்காரர்களின் வார்த்தையையும் நம்பினார். ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்த பிறகும் எங்களை மாதிரி ஆட்களின் வார்த்தையை நம்பியிருக்கிறார்.

அந்த வீட்டுக்காரரைக் கொலைகாரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டது, விபத்து என்று ஆகிவிடும். மயில் கழுத்துக்காகக் கூலியைப் பிடிக்கும் முதலாளி போலீஸ் எழுதிய அந்தப் பக்கத்தில் எங்கேயும் இருக்க மாட்டார். எழுபது எண்பது ஆயிரம் கொடுத்துப் புடவையை வாங்கி, பழுது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறவர்களும் இருக்க மாட்டார்கள். பழுதே இல்லாத புடவை வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து கேட்டதற்குக் கிடைத்த பதில் ஒரு குழிக்குள் கிடந்தது.

அடக்கத்துக்குத் திருப்புட்குழிக்குப் போனோம். எங்கள் தெருவிலிருந்து வந்தவர்களை ஒரு ஆட்டோவில் அடைக்கலாம். பெரியப்பா வரவில்லை. அப்பா வந்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கால் வலியோடு, காலனித் தெருவுக்குள் அவர் நடந்தது வாழ்க்கையில் முதல் தடவை. அங்கே கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டு அழுதார். பொய்யாக அழவில்லை, அது எனக்குத் தெரியும்.

எஸ்தர் அக்காவின் கணவர் அழாமல் உட்கார்ந்திருந்தார். ஷேர் ஆட்டோக்காரர், மனைவியைப் போல அதிகம் பேசுகிறவர் அல்ல. டெஸ்டர் அவர் சட்டைப்பையில் இருந்தது. வருகிற ஒவ்வொரு நெசவாளரின் கையையும் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார். அப்பாவிடமும் கேட்டார்.

"உங்க வூட்ல போர்டு சரியா இருக்குதா நைனா?"

"இருக்குதுபா" என்றார் அப்பா.

அடுத்து வந்த அமாவாசையன்று எனக்கு வாராந்திர விடுமுறை. காலையில் தறிகளை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அம்மா அடுப்படியில் இருந்தார், அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எஸ்தர் அக்கா நடந்த வழியிலேயே நானும் நடந்தேன். கூடம், அடுப்படி, பாத்ரூம், சாமி பல்பு, தறி விளக்குகள். எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து பொத்தானை அழுத்தினேன்.

டப். ஃபேன் தளர்ந்து நின்றது. பிரிட்ஜின் உறுமல் நின்றது. சாமி பல்பு அணைந்தது. அம்மாவின் தறிக்கு மேலிருந்த விளக்கும் அணைந்தது. பகலிலும் இருட்டாகவே இருக்கும் எங்கள் கூடத்தில், அப்பாவின் தறிக் குழிக்கு மேலே ஒரே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னாடா, கரண்டு போச்சா?" என்று வந்த அம்மா அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

வாசலில் பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து வரவில்லை. அங்கிருந்தே சொன்னார்.

"மழ முடிஞ்சதும் எடுத்துடலாம்னு இருந்தேன்."

"யாரு போட்டது?"

"நாந்தான். அந்த வூட்ல பாத்துக்கினு வந்து போட்டேன்."

"எந்த வூட்ல?"

பேப்பர் மறுபடி மடியும் சத்தம் கேட்டது. எஸ்தர் அக்கா கடைசியாகப் போன வீடுதான்.

"சாவு வூட்ல அவரு கேட்டாரே. இருக்குதுன்னு சொன்னியே."

"அங்க நின்னுக்கினு வேற இன்னாடா சொல்லச் சொல்ற?" என்றார். பிறகு, கெஞ்சுகிற குரலில், "முந்தி பாதியில நிக்குது. முடிச்சிட்டு எடுத்துடறேன். ரெண்டு நாளு" என்றார்.

அந்த முந்தியை முடிக்க மத்தியானத்துக்கு மேல் குழிக்குள் காலை விடுவது அம்மா. மழைக்காலம் முழுக்க, ஈரம் ஊறும் அந்தக் குழிக்குள், அந்த விளக்குக்குக் கீழேதான் அவர் கால்கள் இருந்தன. அம்மாவும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். பிறகு என்னிடம் மட்டும், "அத அணைடா" என்றார்.

அதற்குச் சுவிட்சை அணைத்தால் போதாது, லைனில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். வாசலுக்குப் போய், அப்பாவைத் தாண்டி, மீட்டர் பெட்டியின் பியூஸைப் பிடுங்கினேன். உள்ளே அந்த விளக்கு அணைந்தது. பியூஸ் என் பையில்தான் இருக்கிறது. அப்பா கேட்டார், கொடுக்கவில்லை.

வீட்டில் கரண்ட் இல்லை, தறி நிற்கிறது. முதலாளியின் ஆள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த பாவு கிடைக்காது என்று அப்பாவுக்குத் தெரியும். லைசன்ஸ் உள்ளவர்களுக்குப் போன் செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் தெருப் பெயரைச் சொன்னதும் வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒருவர் மட்டும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வந்தால் கேட்கும் முதல் கேள்விக்கு உண்மையைச் சொல்வோம். தெருவில் மற்ற வீடுகளுக்கும் போய்க் கேட்டேன். 'இல்லபா, எங்க வூட்ல டைரக்ட் இல்ல' என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எஸ்தர் அக்காவின் வீட்டுக்காரரிடமும் போய், என் அப்பா சொன்னது பொய் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் டெஸ்டரைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார்.

இறந்தவர்களுக்கு ஒரு விளக்கேற்றி வைப்பது வழக்கம். இந்தக் கட்டுரையைப் படிக்கும் எங்கள் தெருக்காரர்கள் அவருக்காக எந்த விளக்கையும் ஏற்ற வேண்டாம். வருகிற அமாவாசையில் எல்லா லைட்டையும் போட்டுவிட்டு அழுத்திப் பாருங்கள்.

எஸ்தர் அக்கா, ஒரு லைட் எரிந்தாலும் போன் போடச் சொல்லியிருந்தீர்கள். போட்டேன். உங்கள் நம்பர் அணைந்திருக்கிறது. எங்கள் வீட்டில் எரிந்த அந்த ஒன்றையும் அணைத்துவிட்டேன். வாசலில், பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து இதை எழுதி முடிக்கிறேன். சுவர் காய்ந்திருக்கிறது. போய் வாருங்கள்.